நிழலில் கட்டிய களம்

எங்கள் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு திறந்துவிடுகிறவன் நான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இடையில் யூனியனிலிருந்து யாராவது அளக்க வந்தால் டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பதும் நான்தான். அது என் வேலையில் சேராது. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், கை சும்மா இருக்கிறது. அதுதான் காரணம்.

படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன். டேப் பிடித்துப் பிடித்து ஒன்று தெரிந்துகொண்டேன். பூஜ்ஜியம் இருக்கிற முனை எப்போதும் என் கையில் இருக்கும். எண்ணைப் பார்த்துச் சொல்கிறவர் அந்தப் பக்கம் இருப்பார். அவர் சொல்வதுதான் நீளம்.

எங்கள் ஊர் பேரையூர்ப் பக்கம். மானாவாரிக் காடு. மழை பெய்தால் குதிரைவாலி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். தை பிறந்தால் அறுப்பு. அறுத்து அடித்ததைக் காயப்போட ஊரில் இடம் கிடையாது. முன்பு ஒரு களம் இருந்தது. அதன் மேல்தான் தண்ணீர்த் தொட்டியைக் கட்டினார்கள். அந்த டேப்பையும் நான்தான் பிடித்தேன்.

அதிலிருந்து ஊரே தார் ரோட்டில் காயப்போடுகிறது. ரோட்டில் பாதி வண்டிக்கு, பாதி தானியத்துக்கு. நடுவில் வரிசையாகக் கல், முள்ளுக் கொப்பு. பஸ் வந்தால் டிரைவர் திட்டுவார். நாங்கள் கேட்டுக்கொள்வோம். வெயில் ஏற ஏறத் தானியத்துக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து புரட்டிவிட வேண்டும். புரட்டுகிறவளுக்குப் பார்வை தானியத்தில் இருக்கும். முதுகு வண்டிக்கு இருக்கும்.

என் அக்கா அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு லோடு வண்டி தானியத்தில் சறுக்கி வந்து அவளைத் தள்ளியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காலுக்குள் கம்பி வைத்தோம். வண்டிக்காரன் அவளைத் தூக்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்:

"ரோடு என்ன ஒங்க அப்பன் வீட்டுக் களமா?"

அக்காவுக்குப் புருசன் இல்லை. பிள்ளைகள் திருப்பூரில். ஊரில் அவளும் கொஞ்சம் காடும்தான். கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்த அன்றைக்கே சொன்னாள்:

"அடுத்த தைக்கும் வெதப்பேன்டா தம்பி. அறுப்பேன். ரோட்டுலதான் போடுவேன்."

"வேணாம்க்கா."

"அப்ப எங்க போட? ஒன் தொட்டிக்குள்ளயா? ஒரு களம் வாங்கிக் குடு. யூனியன்காரக வந்தா ஒன்னையத்தான கூப்புடுறாக."

அடுத்த தைக்குள் ஒரு களம். இல்லாவிட்டால் கம்பி வைத்த காலோடு அவள் மறுபடி ரோட்டில் நடப்பாள். சொன்னால் செய்கிறவள். எனக்கு அவளைத் தெரியும்.

கிராம சபையில் எழுந்து, "காயப்போட ஒரு களம் வேணும்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே பேசியது அந்த ஒரு தடவைதான். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை.

ஊராட்சிக் கிளார்க் முறைக்கு எனக்கு மாப்பிள்ளை. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தான்.

"மாமா, வேணும்னு சொன்னாப் பத்தாது. ப்ரப்போசல் வேணும்."

"ரெண்டுக்கும் என்ன மாப்ள வித்தியாசம்?"

"ப்ரப்போசல்ல அதையே நாப்பது பக்கத்துல சொல்லணும்."

சித்திரையில் யூனியன் ஓவர்சியர் இடம் பார்க்க வந்தார். காலை பத்து மணிக்கு என்றார்கள். வந்தது உச்சி வெயிலில். இடம் எனக்கு முன்பே தெரியும். தொட்டிக்குப் பின்னால் புறம்போக்கு. அதில் பழைய கிணறு ஒன்று. கிணற்றுக்கு அந்தப் பக்கம் மொட்டைப் பொட்டல். ஒரு செடி கிடையாது. பொழுது கிளம்பியதிலிருந்து விழும்வரை வெயில் அடிக்கும். களத்துக்கு அதைவிட இடம் வேண்டாம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் இரண்டு புளியமரங்கள்.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்ல வேண்டும். ஓவர்சியர் வருகிறாரே என்று ஊராட்சி ஆபீசிலிருந்து இரும்பு நாற்காலியைத் தூக்கிவந்து புளியமர நிழலில் போட்டேன். நுங்கு சீவி வைத்திருந்தேன். வந்தவரை வெயிலில் நிறுத்துவது எங்கள் ஊரில் வழக்கம் இல்லை. அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நிழலைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார். நாலு நுங்கு சாப்பிட்டார். பிறகு உட்கார்ந்தபடியே செல்போனை எடுத்தார்.

"இங்கனயே நில்லுய்யா. ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

"சார், களம் இங்க இல்ல. அந்தா, கெணத்துக்கு அங்கிட்டு."

"ரெண்டும் ஒரே சர்வே நம்பர்தான?"

"ஆமா சார்."

"அப்பறம் என்ன? வெயிலு மண்டையப் பொளக்குது. இங்கிட்டே பிடி."

நான் புளியமரத்து அடியில் பூஜ்ஜியத்தைப் பிடித்தேன். அவர் மறு முனையைக் கிளார்க்கிடம் கொடுத்தார். கிளார்க் நிழல் முடிகிற இடம்வரை போனான். அதற்கு மேல் போகவில்லை. ஓவர்சியர் நாற்காலியிலிருந்தே எழுதிக்கொண்டார்.

அந்தப் போட்டோ சாதாரணப் போட்டோ இல்லை. எடுத்த இடம் எது என்று போனே கண்டுபிடித்துப் படத்திலேயே எண்ணாகப் பதித்துவிடும். பிறகு கட்டடம் அந்த இடத்தில்தான் வர வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. ஓவர்சியருக்குத் தெரியும். ஆனால் அவருக்கு வெயில் அடித்தது.

அடுத்து அக்காவைப் போட்டோ எடுத்தார்கள். பயனடைகிறவர் படம் ஒன்று வேண்டுமாம். கிளார்க் அவள் வீட்டு வாசலில் நின்று போனைத் தூக்கினான்.

"பெரியம்மா, காலு தெரியணும். சேலைய லேசா ஒதுக்குங்க. அப்பறம் கொஞ்சம் சோகமாப் பாருங்க."

"எனக்குக் கால்தான்டா ஒடஞ்சுச்சு. மூஞ்சி நல்லாத்தான் இருக்கு."

"சோகமா இருந்தாத்தான் பெரியம்மா பாஸாகும்."

"அப்ப ஒன் மூஞ்சியப் பிடிச்சுப் போடு."

சிரித்துவிட்டாள். அந்தப் படத்தை அவன் வைத்துக்கொள்ளவில்லை. அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய நேரத்தில் எடுத்த வேறொன்றை வைத்துக்கொண்டான். அதில் அழுகிற மாதிரி இருந்தாள்.

நாற்பது பக்கத்தை எழுதுகிறவர் மதுரையில் காளவாசல் பக்கம் இருந்தார். பேக்கரிக்கு மேலே ஒரு மாடியறை. கீழே சிக்னலில் அடிக்கிற ஹாரனில் பாதிப் பேச்சு கேட்காது. பல ஊராட்சிகளுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பவராம். சுவர் முழுக்க ஃபைல். தடுப்பணை, சிறுபாலம், கழிப்பறை, சுடுகாட்டுப் பாதை. எல்லாம் எழுதி முடித்தவை. கட்டி முடித்தவை எத்தனை என்று நான் கேட்கவில்லை.

"ஊரு பேரு மட்டும் எழுத்து மாறாமச் சொல்லிருங்கண்ணே. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"ஊர வந்து பாக்க வேணாமா?" என்றேன்.

"பாத்தாக் கொழம்பிரும்ண்ணே. பாக்காம எழுதுனாத்தான் வேகமா வரும்."

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாற்பது பக்கம் வந்துவிட்டது. மிஷினிலிருந்து சூடாக எடுத்துக் கிளார்க் கையில் கொடுத்தார். அவன் கடைசிப் பக்கத்தில் சீல் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்தான். எனக்கு வேலை இல்லை. முதலிலிருந்து எழுத்துக்கூட்டினேன். நோக்கம், அவசியம், பயனடைவோர். ஏழாம் பக்கத்தில் நின்றேன்.

"இதுல கருவாடுனு போட்டுருக்கு."

"எங்கண்ணே?"

"இந்தா. 'இவ்வூர் மக்கள் கருவாடு உலர்த்த இடமின்றித் தவிக்கின்றனர்.' எங்க ஊருல கம்மாயே காஞ்சு கெடக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடற்கரை ஊர் ஒன்றுக்கு மீன் காயவைக்கிற தளத்துக்கு எழுதியதாம். களம் களம்தானே என்று அதையே எடுத்துப் போட்டிருக்கிறார்.

"ஒங்க ஊருல என்னண்ணே காயப்போடுறீங்க?"

"குதிரைவாலி."

இரண்டு தட்டுத் தட்டினார். "மாத்தியாச்சுண்ணே. எங்கெங்க கருவாடு இருக்கோ அம்புட்டும் குதிரைவாலி ஆயிருச்சு."

மறுபடி நாற்பது பக்கம் வந்தது. மறுபடி வாசித்தேன். 'அதிகாலையில் படகில் வந்திறங்கும் குதிரைவாலியைப் பெண்கள் நன்கு கழுவி, உப்புத் தடவி வெயிலில் உலர்த்துகின்றனர்' என்று இருந்தது.

காட்டினேன். அவருக்கு அலுப்பு வந்துவிட்டது.

"ஏண்ணே, ஏழாம் பக்கம் வரைக்கும் எவன் படிக்கப் போறான்?"

"நான் படிச்சேனே."

"நீங்க ஆபீசராண்ணே?"

கிளார்க் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டான். "விடு மாமா, பஸ்ஸு போயிரும்." விட்டேன். ஊருக்குத் திரும்பி அக்காவிடம் சொன்னேன்.

"உப்பு எம்புட்டுத் தடவணும்னு எழுதிருக்கானா?" என்று கேட்டாள்.

அந்த ரிப்போர்ட் யூனியனுக்குப் போனது. அங்கிருந்து மேலே போனது. எத்தனை மேசை என்று எனக்குத் தெரியாது. எந்த மேசையிலும் படகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஐப்பசியில் உத்தரவு வந்தது. படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அதற்கு முன்பு ஒரு மரியாதை வைத்திருந்தேன்.

கார்த்திகையில் வேலைக்கு ஆள் வந்தார்கள். புளியமரத்தடியில் கயிறு கட்டினார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். காண்ட்ராக்டர் ஓவர்சியருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"சார், எடம் மாறிப் போச்சு. கெணத்துக்கு அங்கிட்டுல்ல வரணும்?"

"போட்டோ எங்கயோ அங்கதான்யா கட்டணும். தள்ளிக் கட்டுனா ஏத்துக்கிற மாட்டாக."

"இங்க நெழலு சார். களத்துக்கு வெயில் வேணும்."

"வெயிலு ஊரு பூராத்தான அடிக்குது?"

"இங்க மட்டும் அடிக்காது சார்."

"சித்திரையில நான் பாத்தனே. மரத்த விட்டு ரெண்டு எட்டு வச்சா வெயிலுதான்."

சித்திரையில் பொழுது தலைக்கு மேல் இருக்கும். நிழல் மரத்தடியிலேயே கிடக்கும். தையில் பொழுது தெற்கே சாய்ந்து போகும். மரங்கள் தெற்கே, களம் வடக்கே. நிழல் நீண்டு களம் முழுக்கப் படுக்கும். சித்திரையில் காயப்போட எங்களிடம் ஒரு மணி தானியம் இருக்காது. இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மரத்தவாவது வெட்டலாமா சார்?" என்றேன்.

"அதுக்குத் தனியா ஒரு ப்ரப்போசல் குடுக்கணும்யா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முன்பு திறப்பு விழா. நீலப் போர்டில் மஞ்சள் எழுத்தில் 'உலர்களம்' என்று எழுதியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் வேர்க்கவில்லை. "இம்புட்டு வெயில்லயும் இங்க குளுகுளுன்னு இருக்கே" என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார். மறுபடி கைதட்டல். அக்கா கடைசி வரிசையில் கம்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தை அறுப்பு முடிந்ததும் குதிரைவாலியை முதலில் அங்கேதான் கொட்டினாள். கட்டியாகிவிட்டதே என்று ஒரு நப்பாசை. காலையிலிருந்து மூன்று மணிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிடி அள்ளிக் கடித்துப் பார்த்தாள். ஈரம். மேலே புளிய இலை பொடிப் பொடியாக உதிர்ந்து கலந்திருந்தது. புடைத்து எடுப்பதற்கே ஒரு நாள் ஆயிற்று.

களம் வீணாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப்பில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள். மத்தியானம் துண்டை விரித்துப் படுக்கிறவர்கள் படுத்தார்கள். களம் கேட்காத எல்லோருக்கும் களம் பயன்பட்டது.

அக்கா ரோட்டுக்குப் போனாள். கம்பை ஊன்றிக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து, கம்பி வைத்த காலைத் தானியத்துக்குள் இழுத்தபடி நடந்தாள். அந்தக் கால் இழுபடத்தான் செய்யும் என்பதால் புரட்டுவதற்கு வசதியாக இருக்கிறது என்றாள்.

அதற்கும் தடை வந்தது. ஒரு நாள் கிளார்க் ரோட்டோரத்தில் ஒரு தகரப் பலகையை நட்டுக்கொண்டிருந்தான். 'சாலையில் தானியம் உலர்த்தாதீர். உலர்களத்தைப் பயன்படுத்துவீர்.' களம் கட்டிய ஊரில் இப்படி வைக்க வேண்டுமாம். அக்கா பலகைக்குப் பக்கத்தில்தான் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடா எழுதிருக்க?"

அவன் வாசித்துச் சொன்னான்.

"அப்ப இனிமே வண்டி ஏறுனா என் மேல தப்பு. அதான?"

"பெரியம்மா, நான் என்ன செய்ய? மேல இருந்து சொல்றாக."

"மேல இருந்து சொல்றவனுக்குக் குதிரைவாலி எதுல வருதுனு தெரியுமா? படகுல வருது."

அன்றிலிருந்து நான் காலையில் வால்வைத் திறந்ததும் ரோட்டுக்குப் போய் வளைவில் சிவப்புத் துண்டோடு நின்றேன். சாயங்காலம் வால்வுக்குப் போகும்வரை அங்கேதான். அவள் புரட்டுவாள். நான் துண்டை ஆட்டுவேன். வண்டிகள் மெதுவாகப் போகும். இதற்கு யாரும் ரிப்போர்ட் எழுதவில்லை.

மாசியில் கிளார்க் வந்தான். பலகை வைத்தது அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"மாமா, இன்னொரு களம் கேட்டுப் பாப்போம். கூடுதல் உலர்களம்னு ஒண்ணு இருக்கு. ஆனா இருக்குற களம் நெறஞ்சு வழியுதுனு போட்டோ காட்டணும். நெறஞ்சாத்தான் அடுத்தது தருவாக."

"அது காயவே செய்யாதே மாப்ள."

"காயலைனு எழுதுனா, ஏன் அங்க கட்டுனேனு கேப்பாக. அப்பறம் ரெண்டும் வராது."

அக்காவிடம் சொன்னேன். அவள் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தைச் சாக்கில் அள்ளினாள். நானும் அள்ளினேன். பக்கத்துக் காட்டுக்காரர்களும் ஆளுக்கு இரண்டு சாக்குக் கொண்டுவந்தார்கள். சீட்டு விளையாடியவர்களை எழுப்பிவிட்டுக் களம் நிறையப் பரப்பினோம். காய்ந்த சோளத்தைக் காயாத களத்தில்.

கிளார்க் போனைத் தூக்கினான்.

"பெரியம்மா, இப்ப கொஞ்சம் சந்தோசமாப் பாருங்க."

"முடிவா ஒண்ணு சொல்லித் தொலைங்கடா."

பார்த்தாள். சந்தோசம் இல்லை. பல் மட்டும் தெரிந்தது. போதும் என்றான்.

அடுத்த வாரம் ஓவர்சியர் வந்தார். அதே ஓவர்சியர், அதே உச்சி வேளை. நாற்காலியைக் காலையிலேயே கிணற்றுக்கு அந்தப் பக்கம் பொட்டலில் போட்டிருந்தேன். நுங்கு இல்லை. தண்ணீர்கூட வைக்கவில்லை. வந்தவரை நான் அப்படி நடத்தியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது நன்றாக இல்லை. ஆனாலும் செய்தேன்.

அவர் நேராகக் களத்து நிழலுக்குப் போனார். நாற்காலியைத் தேடினார். பொட்டலில் இருப்பதைப் பார்த்து நடந்து வந்தார். உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"என்னய்யா, சேரு இந்தச் சுடு சுடுது?"

"வெயில் விழுது சார்."

முறைத்தார். டேப்பை எடுத்து முனையை என்னிடம் நீட்டினார். மறு முனையோடு கிணற்றைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நிழலைப் பார்த்து நடந்தார். புளியமரத்தடிக்குப் போய் நின்று, "இங்கிட்டு வா, இங்க இருந்து பிடிப்போம்" என்றார்.

பூஜ்ஜியம் என் கையில் இருந்தது. நான் நகரவில்லை.

"யோவ், ஒன்னையத்தான்."

நான் முனையைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டேன். டேப் விறைத்தது. அவர் ஒரு இழுப்பு இழுத்தார். நான் மிதித்த காலை எடுக்கவில்லை. கிளார்க் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். களத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஒருவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் அவர் டேப்பைச் சுருட்டிச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். வேர்த்து வடிந்தது. "ஒங்க ஊருல மரியாதை கெட்டுப் போச்சுய்யா" என்றார். ஆமாம் சார் என்றேன். போனை எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, ஒரே போட்டோ எடுத்தார். அளந்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

காகிதம் இப்போது காளவாசல் மாடியில் இருக்கிறது. இந்தத் தடவை ஏழாம் பக்கத்தில் என்ன காய்கிறதோ தெரியாது. என்ன காய்ந்தாலும் போட்டோ பொட்டலில் எடுத்தது.

அன்று ஜீப் போனதும் ஓவர்சியர் அனுப்பிய படத்தைக் கிளார்க் தன் போனில் காட்டினான். ரோட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"மர நெழலு எதுவும் விழுந்துச்சா படத்துல?"

"இல்லக்கா. என் நெழலு மட்டும் காலுக்கடியில கெடந்துச்சு."

"அது போதும்."

தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது. துண்டை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன்.